மூடிக்குள் இருக்கும் வில்லங்கம்

மயிலாப்பூரில் அரை கிரௌண்டு மனை வாங்குவதாயிருந்தால் நம்மவர்கள் எத்தனை ஜாக்கிரதையாயிருக்கிறார்கள்! மூலப் பத்திரம் கேட்கிறார்கள். முப்பது வருஷத்து வில்லங்க சர்டிபிகேட் கேட்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பாட்டனார் எழுதிவைத்த உயில் ஏதாவது உண்டா, அமெரிக்காவில் இருக்கும் பெண் வயிற்றுப் பேரன் நாளைக்கு வந்து பாகம் கேட்பானா என்றெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அப்படியும் மனம் கேளாமல், காகிதக் கட்டை வக்கீலிடம் கொடுத்து அபிப்பிராயம் வாங்குகிறார்கள்.

அதே குடும்பத்தார் பழைய மோட்டார் வண்டி ஒன்று வாங்கப் புறப்படும்போது நடப்பதைப் பாருங்கள். குழந்தைகள் நிறத்தைப் பார்க்கின்றன. வீட்டு எஜமானி ஆசனத்தின் உறையைத் தடவிப் பார்க்கிறார். எஜமானர் சக்கரத்தைக் காலால் ஒரு தடவை உதைக்கிறார். இந்த உதையினால் வண்டியைப் பற்றி என்ன தெரியவருகிறது என்று இதுவரையில் யாரும் சொன்னதில்லை. ஆயினும் உதைக்காமல் வண்டி வாங்கியவரை நாம் கண்டதுமில்லை. பிறகு விற்பவர், "டாக்டர் வண்டி ஸார்! ஒரே கை ஓட்டியது" என்கிறார். இந்த மந்திரம் காதில் விழுந்ததும் சகலருக்கும் திருப்தி ஏற்பட்டு, அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. டாக்டர்கள் நோயாளியைக் கவனிக்கும் அளவுக்குத் தங்கள் வண்டியையும் கவனிக்கிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? காலையில் ஒரு ஆஸ்பத்திரி, மத்தியானம் ஒரு ஆஸ்பத்திரி, மாலையில் தியாகராய நகரில் சொந்த வைத்தியசாலை என்று ஓடுகிறவருக்கு எஞ்சின் ஆயில் மாற்ற நேரம் எங்கே?

மனைக்கு வில்லங்கம் இருந்தால் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் தெரிந்துவிடும். வண்டியின் மேல் பாங்கிக் கடன் இருந்தால் ஆர்.ஸி. புத்தகத்தில் தெரிந்துவிடும். எஞ்சினுக்குள் இருக்கும் வில்லங்கமோ, மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் சரி, திருவான்மியூர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் சரி, எங்கேயும் பதிவாவதில்லை. அப்படிப்பட்ட வில்லங்கங்களில் செலவு மிகுந்த ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம். மெக்கானிக்குகள் அதை டைமிங் செயின் என்பார்கள்.

எஞ்சினுக்குள் கீழே ஒரு தண்டு, மேலே ஒரு தண்டு இருக்கின்றன. கீழே இருப்பது கிராங்க் ஷாப்ட். பிஸ்டன்கள் ஏறி இறங்கும் வேகத்தைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்புவது இது. மேலே இருப்பது காம் ஷாப்ட். வால்வுகள் என்னும் சிறு கதவுகளை வேளை தவறாமல் திறந்து மூடுவது இதன் உத்தியோகம். கீழ்த்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும் நேரத்தில் மேல்தண்டு சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த இரண்டையும் பல்சக்கரங்களின் வழியாகப் பிணைத்துத் தாளம் தவறாமல் ஓடச் செய்வதுதான் டைமிங் செயின். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு ஸெகண்டுக்கு 25 தடவை திறந்து மூடுகிறது என்றால், அந்தத் தாளத்தின் நுட்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழிக் கச்சேரியில் தாளம் பிசகினால் முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அத்துடன் முடிந்தது. இங்கே அப்படியல்ல. இக்காலத்து எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடமும் பிஸ்டன் ஏறி வந்து தொடும் இடமும் ஒன்றே. வெவ்வேறு க்ஷணத்தில் அவை அங்கே வருவதால்தான் சண்டையில்லாமல் இருக்கின்றன. சங்கிலி அறுந்தாலும், பல்சக்கரத்தில் சில பற்கள் தாவிவிட்டாலும், இரண்டும் ஒரே க்ஷணத்தில் வந்து மோதுகின்றன. வால்வுகள் வளைகின்றன. சில சமயம் பிஸ்டனே உடைகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் மௌனமாகிவிடுகிறது.

"செயின் நீண்டுபோச்சு ஸார்" என்று மெக்கானிக் சொன்னால் இரும்பு ரப்பரைப் போல் இழுபட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஆணி இருக்கிறது. அந்த ஆணியும் அதைச் சுற்றியுள்ள துளையும் உராய்ந்து உராய்ந்து தேய்கின்றன. ஓர் ஆணிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தேய்வதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். 150 ஆணிகள் உள்ள சங்கிலியில் இது சேர்ந்து சேர்ந்து 3 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது! துளித் துளியாய்ச் சேரும் கடனைப் போலத்தான் இதுவும்.

இந்தத் தளர்ச்சியை ஈடு செய்வதற்காக டென்ஷனர் என்னும் சாதனம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆயிலின் அழுத்தம் ஒரு சிறு தண்டை வெளியே தள்ள, அது பிளாஸ்டிக்கினால் ஆன ஒரு வழிகாட்டிப் பட்டையைச் சங்கிலியின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். ஆகவே சங்கிலியை நனைப்பதும் ஆயில், சங்கிலியை இறுக்கிப் பிடிப்பதும் ஆயில். அந்த ஆயில் கரியாகிப் பிசினாகிவிட்டால் இரண்டு காரியமும் கெடுகின்றன. டென்ஷனர் தன்னால் நீள முடிந்த மட்டும் நீண்டுவிட்ட பிறகு அதற்கு அப்பால் அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

பழைய தலைமுறையினர் இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் கிளப்பலாம். "எங்கள் அம்பாஸடரிலும் சங்கிலிதான் இருந்தது, வண்டலூருக்குப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் சங்கிலிதான் இருந்தது. நாங்கள் இந்தக் கூத்தையெல்லாம் கண்டதில்லையே?" என்பார்கள். வாஸ்தவம். 1961-இல் வந்த ஹெரால்டும், 2014 வரையில் செய்யப்பட்ட அம்பாஸடரும் வேறு யுகத்தைச் சேர்ந்தவை. அம்பாஸடரின் ஆதி எஞ்சினில் காம் ஷாப்ட் தலைமேல் இராமல் கீழேயே, கிராங்க் ஷாப்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆகையால் சங்கிலி சாண் நீளத்து விஷயம். சத்தம் போட ஆரம்பித்தால், புதுப்பேட்டை மெக்கானிக் ரேடியேட்டரை இறக்கி, முன்மூடியைக் கழற்றி மாற்றிவிடுவார். இப்போதோ தண்டு தலைக்கு மேல் போய்விட்டது; பல எஞ்சின்களில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. சங்கிலியும் கீழிருந்து உச்சி வரையில் நீண்டு போக வேண்டியதாயிற்று.

இடையில் பெல்ட்டின் காலம் ஒன்று வந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் ரப்பர் பெல்ட். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஸான்ட்ரோவிலும் ரப்பர் பெல்ட். அதில் ஒரு நன்மை உண்டு. பெல்ட்டுக்கு ஆயுள் இவ்வளவு என்று கம்பெனிப் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கும். அந்தக் கெடு வந்ததும் மாற்ற வேண்டியது. மாற்றாவிட்டால் குற்றம் நம்முடையது. கணக்குச் சுத்தமாக இருந்தது.

பிறகு சங்கிலி திரும்பி வந்தது. 2008 முதல் மாருதியின் கே வரிசை எஞ்சின்கள், அதே வருஷத்தில் ஹூண்டாயின் கப்பா எஞ்சின், இவையெல்லாம் சங்கிலி வைத்தவை. இத்தாலியில் பிறந்த 1.3 மல்டிஜெட் டீஸல் எஞ்சினும் அப்படியே. அந்த எஞ்சினைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாருதி ஸ்விப்டில், டிஸையரில், ரிட்ஸில், டாட்டாவின் விஸ்டாவில், மான்ஸாவில், ஃபியட்டின் புன்டோவில், லீனியாவில் என்று இத்தனை கம்பெனி வண்டிகளுக்குள் ஒரே எஞ்சின் குடியிருந்தது. "இந்தியாவின் தேசீய எஞ்சின்" என்றே மோட்டார்ப் பிரியர்கள் அதைச் செல்லமாக அழைத்தார்கள். 2020 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அமுலுக்கு வந்ததுடன் புது வண்டிகளில் அது மறைந்தது. ஆனால் பழைய வண்டிச் சந்தையில் இன்றும் அதற்குக் கிராக்கி குறையவில்லை. சிக்கனமான, உழைக்கக்கூடிய எஞ்சின் என்பதில் சந்தேகமில்லை. அதற்குள் ஓடுவது ஒற்றைச் சங்கிலி. ஆயில் மாற்றுவதில் அசிரத்தை காட்டினால் முதலில் தளர்வது இதுதான் என்று பழகிய மெக்கானிக் எவரும் சொல்வார். டீஸல் எரிவதால் உண்டாகும் கரித்தூள் ஆயிலில் கலந்து, அரத்தைப் போல ஆணிகளை அராவிக்கொண்டேயிருக்கிறது.

சங்கிலி திரும்பி வந்தபோது விற்பனைக்காரர்கள் ஒரு வாக்கியத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்: "இதை மாற்ற வேண்டியதே இல்லை; ஆயுள் பூராவும் உழைக்கும்." யாருடைய ஆயுள் என்பதை மட்டும் அவர்கள் விளக்கவில்லை. வண்டியின் ஆயுளா, முதல் சொந்தக்காரர் அதை வைத்திருக்கும் ஆயுளா, உத்தரவாதக் கடிதத்தின் ஆயுளா? நம்முடைய அபிப்பிராயத்தில், இந்த வாக்கியம்தான் சங்கிலியைவிட அதிகமான எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது. மாற்ற வேண்டியதில்லை என்று கேட்டவர்கள் கவனிக்க வேண்டியதுமில்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நம் ஊரின் தன்மையும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. பனகல் பார்க்கிலிருந்து லஸ் முனைக்கு எவ்வளவு தூரம்? காகம் பறந்தால் ஐந்து நிமிஷம். மெட்ரோ ரயிலுக்காக ரஸ்தாவைத் தோண்டிய நாள் முதல் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வண்டி நிற்கிறது, மீட்டரில் கிலோமீட்டர் ஏறவில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, சங்கிலியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து 10,000 கிலோமீட்டர் முடித்த வண்டியின் எஞ்சின் சுமார் 670 மணி நேரம் உழைத்திருக்கிறது. திருச்சி ரஸ்தாவில் மணிக்கு 50 கிலோமீட்டர் வீதம் அதே தூரம் ஓடிய எஞ்சின் 200 மணி நேரந்தான் உழைத்திருக்கிறது. மீட்டரைப் பார்ப்பவருக்கு இரண்டும் சமானம்!

இன்னொரு விதமான வண்டியும் உண்டு. மாதத்தில் நாலு தடவை மந்தைவெளியிலிருந்து கபாலீசுவரர் கோயிலுக்கும், இரண்டு தடவை அடையாற்றில் இருக்கும் பெண் வீட்டுக்கும் போய்வரும் வண்டி. "பத்து வருஷத்தில் 30,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை" என்று பெருமையாக விளம்பரம் செய்வார்கள். இந்த எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தப்பட்டுவிடுகிறது. எரியாத பெட்ரோலும், குளிர்ந்த எஞ்சினில் படியும் ஈரமும் ஆயிலில் கலந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றன. "ஓடவே இல்லையே, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்?" என்று இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட்டிருப்பார்கள். ஆகவேதான் கம்பெனிப் புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தி வருகிறதோ அது என்று எழுதியிருக்கிறது. பின்பாதியை யாரும் வாசிப்பதில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வந்தபோது கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் எத்தனை வண்டிகள் மூழ்கிக் கிடந்தன! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருமுன், பழைய அனுபவத்தினால் புத்தி தெளிந்த வேளச்சேரிவாசிகள் தங்கள் வண்டிகளை மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதும் நினைவிருக்கும். மூழ்கிய வண்டிகளில் பல, கழுவித் துடைத்து, புதிய மெத்தை போட்டு, மறுபடியும் சந்தைக்கு வந்தன. மூழ்கிய எஞ்சினில் தண்ணீர் புகுந்து, ஆயிலை உடனே வடித்து மாற்றாமல் கிளப்பியிருந்தால், சங்கிலி முதல் பேரிங் வரையில் ஒன்றும் பழைய நிலையில் இராது. ஸீட் பெல்ட்டைக் கடைசி வரையில் இழுத்துப் பார்த்தால், அடிப்பாகத்தில் சேற்றுக் கறை சில சமயம் காட்டிக்கொடுத்துவிடும்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அடையாற்றில் இருக்கிறது. புருஷன் மனைவி இருவரும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களாயிருந்து ஓய்வு பெற்றவர்கள். எண்பத்துநாலு வயதுத் தாயாரை வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால், பிராவிடண்டு பண்டுப் பணத்திலிருந்து எடுத்து ஒரு பழைய டீஸல் வண்டி வாங்கினார்கள். பார்க்கப் போனபோது, தரகர் கேட் வாசலிலேயே வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு சிரித்த முகத்துடன் வரவேற்றார். நாலாவது மாதம், ஸர்தார் படேல் ரஸ்தாவில், தாயார் பின்னாசனத்தில் இருக்கையில் எஞ்சின் நின்றது. வால்வுகள் எல்லாம் வளைந்திருந்தன. பழுது பார்க்கச் சொன்ன மதிப்பு, வண்டி வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதி. முந்திய சொந்தக்காரர் ஆயில் மாற்றியதற்கு ஒரு ரசீதுகூட அகப்படவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். மூன்று வருஷம் ஆயிலில் மிச்சம் பிடித்தவர் புது வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார். அபராதம் கட்டியவர்கள் இந்த உபாத்தியாயர்கள்.

ஆகையால் "சிரித்த முகத்துடன் கிளப்பி வைத்த வண்டி" என்னும் அந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த சங்கிலியின் குரல் கேட்பது, இரவு முழுவதும் நின்ற எஞ்சினைக் காலையில் முதன்முதலாகக் கிளப்பும் சில ஸெகண்டுகளில்தான். இரவில் ஆயில் முழுதும் கீழே இறங்கிவிடுகிறது. டென்ஷனரில் அழுத்தம் இல்லை. தளர்ந்த சங்கிலி தன் மூடியின் மேலும் வழிகாட்டிப் பட்டையின் மேலும் அடித்துக்கொள்கிறது. தகர டப்பாவில் காய்ந்த பட்டாணியைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு கடகடப்பு. ஆயில் மேலே ஏறியதும் அடங்கிவிடும். எஞ்சின் சூடான பிறகு போய் நின்றால், சங்கிலி சாதுவாக இருக்கும். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும், வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

வண்டி பார்க்கக் காலை ஆறு மணிக்குப் போங்கள். "நாங்கள் வருவதற்குமுன் கிளப்ப வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனவுடன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால், காபி சாப்பிட்டதற்கு வந்தனம் சொல்லிவிட்டு வேறொரு நாள் வருவதாகக் கிளம்பிவிடலாம். குளிர்ந்திருந்தால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளப்பட்டும். மற்றொருவர் பானெட்டைத் திறந்து சங்கிலி மூடியின் பக்கம் காதைக் கொடுக்கட்டும். ஒரு ஸெகண்டு சலசலப்பைப் பெரிதாக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஸெகண்டுக்கு மேல் நீடித்தாலும், வேகத்தை ஏற்றி இறக்கும்போது திரும்பி வந்தாலும், அங்கே விஷயம் இருக்கிறது. டீஸல் எஞ்சின் இயற்கையாகவே வாயாடி ஆகையால், அதே ரக வண்டி வேறொன்றின் காலைக் குரலையும் எங்கேயாவது கேட்டு வைத்துக்கொள்வது உசிதம்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். கறுத்த பிசின் அப்பியிருந்தால் அதுவே பெரிய வாக்குமூலம். அதன் பிறகு மின்சார சாட்சி ஒன்று இருக்கிறது. மேல்தண்டும் கீழ்த்தண்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை உணர்கருவிகள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒத்துவராவிட்டால் பி 0016 போன்ற ஓர் எண்ணை வண்டியின் மூளை குறித்துவைக்கிறது. உள்ளங்கை அளவுள்ள ஸ்கானரைச் செருகினால் படித்துவிடலாம். "அதை அழித்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். அழிக்கலாம். அழித்தால், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் பரிசோதனைகள் இன்னும் முடிவடையவில்லை என்று அதே ஸ்கானர் சொல்லும். நேற்றிரவு சிலேட்டைத் துடைத்தவன் எதற்காகத் துடைத்தான் என்று விசாரிக்க வேண்டியதுதான்.

சத்தத்தை மறைக்க வேறு உபாயமும் உண்டு. புத்தகத்தில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடுவார்கள். கடகடப்புச் சில வாரம் மட்டுப்பட்டிருக்கும். இதைச் சாமர்த்தியம் என்று சந்தையில் சொல்கிறார்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் வேறு பெயர் சொல்கிறது. குறை இருப்பதை அறிந்த ஒருவர் அதைத் தந்திரமாக மறைப்பது மோசடி என்று அதன் 17-ஆவது பிரிவு கூறுகிறது. ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை 19-ஆவது பிரிவு தருகிறது. ஆனால் சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது பொதுவாக மோசடி ஆகாது. மௌனத்தினால் ஏமாந்தவர், சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயமாயிருந்தால், சட்டம் கையை விரித்துவிடும். ஆகவே மௌனத்துக்கு இடம் வையாதீர்கள். "டைமிங் செயின், டென்ஷனர் எப்போது மாற்றப்பட்டன? செயின் சத்தம் உண்டா? வெள்ளத்தில் நின்றதா?" என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள், செல்போனில் ஒரு வரி அனுப்பினாலும் போதும். பதில் எழுத்தில் வந்தால் அது சாட்சியம். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வியாபாரியிடம் வாங்கினால் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். அண்டை வீட்டுக்காரரிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது. கம்பெனிகளைப் பொறுத்தவரையில் வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வோக்ஸ்வாகன், ஆடி வண்டிகள் சிலவற்றின் செயின் டென்ஷனர் கோளாறு பற்றி அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் திரண்டு வழக்குத் தொடுத்தார்கள். நியூ ஜெர்ஸி கோர்ட்டில் 2018-இல் சமரசமாயிற்று. பழுது பார்த்த செலவைத் திருப்பித் தரவும் உத்தரவாதத்தை நீட்டவும் ஏற்பாடாயிற்று. அதில் நாம் கவனிக்க வேண்டியது, அன்றைய சொந்தக்காரருடன் முன்னாள் சொந்தக்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள் என்பது. ஒரே குறையுள்ள பலர் சேர்ந்து முறையிட நம் சட்டத்திலும் 35-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. இடம் இருக்கிறது, போய் உட்காருகிறவர்கள்தான் குறைவு.

பெரிய இடத்து வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-இல் செங்கற்பட்டுக்குப் போகும் வழியில், மஹீந்திரா வேர்ல்டு ஸிடியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் தொழிற்சாலை திறந்து, 3 வரிசை, 5 வரிசை வண்டிகளை இங்கேயே கோத்துத் தரலானார்கள். அந்நாளைய 320டி வண்டிகளில் இருந்த என் 47 என்னும் டீஸல் எஞ்சின் சங்கிலித் தேய்மானத்துக்கு உலகப் பிரசித்தி பெற்றது. அதில் சங்கிலி எஞ்சினின் முன்புறம் இல்லை; பின்புறம், கியர் பெட்டியின் பக்கம் இருக்கிறது. அதைத் தொடுவதற்கே எஞ்சினையோ கியர் பெட்டியையோ இறக்க வேண்டும். ஆழ்வார்பேட்டை பங்களாவிலிருந்து வந்த வண்டி என்று மயங்கி வாங்குகிறவர், வாங்கிய விலையோடு இந்தக் கூலியையும் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சங்கிலியை மாற்றும் நாள் வந்துவிட்டால் ஒரு விஷயத்தில் சிக்கனம் கூடாது. சங்கிலி, டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள், பல்சக்கரங்கள் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லின் மேல் புதுச் சங்கிலி போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும். "டென்ஷனர் மட்டும் போதும்" என்று சொல்பவர், சில மாதங்களுக்குச் சத்தத்தை அடக்கித் தருகிறார், அவ்வளவுதான். கூலிதான் பெருஞ்செலவு, அதே கூலியை இரண்டு தடவை கொடுப்பானேன்? சாமான்களுக்காகச் சீமையைப் பார்க்க வேண்டியதுமில்லை. 1960 முதல் அம்பத்தூரில் சங்கிலி செய்யும் டி.ஐ. டயமண்டு செயின் நம் ஊரிலேயே இருக்கிறது, கோயமுத்தூர் எல்.ஜி.பி. கம்பெனியின் ரோலான் சங்கிலிகள் தேசம் முழுவதும் ஓடுகின்றன. புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த கதவையோ கண்ணாடியையோ தாராளமாக வாங்குங்கள். சங்கிலியை மட்டும் அங்கே பழையதாக வாங்கவே வேண்டாம். ஒருவருடைய வில்லங்கத்தைக் கழற்றி மற்றொருவருக்கு மாட்டுவதாகும் அது.

சத்தம் கேட்ட வண்டியை வாங்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. மற்றவை நன்றாயிருந்தால், முழுவதும் மாற்ற ஆகும் செலவை இரண்டு பட்டறைகளில் எழுதி வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். மாற்றும் வரையில் வண்டியை ஓட்டாதிருப்பது நலம். எஞ்சின் ஓட்டத்தில் திடீரென்று நின்றுவிட்டால், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்ப முயலாதீர்கள். ஒரு வால்வோடு போக வேண்டியது எட்டு வால்வோடு போகும். கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் நியூட்ரலில் வைத்து இழுக்கச் சொல்லுங்கள்.

"இந்தச் சங்கிலித் தொல்லையே வேண்டாம், பெல்ட் வண்டியே வாங்கிவிடுகிறோம்" என்கிறவர்கள், எந்தப் பெல்ட் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனியார் செய்த ஈகோஸ்போர்ட்டில், 2013-இல் வந்த ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினுக்குள் பெல்ட் ஆயிலிலேயே நனைந்துகொண்டு ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினாலும், ஆயில் மாற்றத் தவறினாலும், அந்தப் பெல்ட் உதிர்ந்து, துணுக்குகள் ஆயில் சல்லடையை அடைத்துவிடுகின்றன. 2022-இல் கடைசி ஈகோஸ்போர்ட் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. முதலில் விற்ற வண்டிகள் பத்து வயதைத் தாண்டிவிட்டன. பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லாத அந்த எஞ்சினை, முன் சொன்ன பி.எம்.டபிள்யூ. வண்டியின் பக்கத்திலேயே நிறுத்திவிடலாம்.